கண்ணாடி உள்ள கேமரா, கண்ணாடி இல்லாத கேமரா: சித்தப்பாவின் கேள்விக்குக் கிடைத்த விடை

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு சித்தப்பா கைப்பேசியில் அழைத்தார். "ஏம்மா, நீ செய்தி எடுக்கப் போற இடத்துல எல்லாரும் புதுசா வச்சிருக்காங்களே, அந்தக் கண்ணாடி இல்லாத கேமரா, அதை வாங்கலாமா?" என்று கேட்டார். குரலில் ஆசையைவிடக் கவலைதான் கூடுதலாகத் தெரிந்தது.

ஈசூனில் வசிக்கும் சித்தப்பா வார நாள்களில் கிடங்கு ஒன்றில் வேலை செய்கிறார். வார இறுதிகளில் திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழா, பிறந்தநாள் என்று படம் எடுப்பார். 2015ல் வாங்கிய நிக்கான் டி750 கேமராதான் இன்றுவரை அவருக்குத் துணை.

அண்மையில் எடுத்த ஒரு திருமணத்தில் தாலி கட்டும் படம் சரியாக அமையவில்லை. மணமகளின் காதில் இருந்த ஜிமிக்கி அவ்வளவு தெளிவு. ஆனால், கண்கள் மங்கல். பெண் வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பாவுக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. தாலி கட்டும் தருணத்தை மறுபடி எடுக்க முடியாதே!

புதிய கேமராவின் விலையோ கிட்டத்தட்ட மகளின் ஓராண்டுப் பலதுறைத் தொழிற்கல்லூரிக் கட்டணத்துக்குச் சமம். அதற்கேற்ற லென்சையும் சேர்த்தால் செலவு இரட்டிப்பாகிவிடும். "பழசு மேல தப்பா, என் மேல தப்பா, அதை மட்டும் சொல்லு" என்றார்.

அதைக் கண்டறிய, நண்பர் ஒருவரிடம் நிக்கான் இசட்6 III கேமராவை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கினேன். டி750 வெளிவந்தது 2014ல், இசட்6 III வந்தது 2024ல். ஒரே நிறுவனம், ஒரே அளவு படஉணரி, இடையே பத்து ஆண்டுகள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இணை கிடைக்காது.

கண்ணாடி என்ன செய்கிறது?

டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள் 45 பாகைச் சாய்வில் ஒரு சிறு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியாக வரும் ஒளியை அது மேலே திருப்பும். மேலே உள்ள பட்டகம் அதை நம் கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பும், அதன் பின்னால் உள்ள திரை திறக்கும், ஒளி படஉணரியில் விழும். 'டப்' என்று நாம் கேட்கும் ஓசையில் பெரும் பங்கு அந்தக் கண்ணாடியினுடையது.

மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியும் இல்லை, பட்டகமும் இல்லை. ஒளி நேராகப் படஉணரியில் விழுகிறது. அது காண்பதைக் கண்ணருகே உள்ள ஒரு சின்னஞ்சிறு மின்திரையில் நாம் பார்க்கிறோம்.

இந்த வகைக் கேமராக்கள் 2008ல் வந்த பானசோனிக் ஜி1உடன் பரவத் தொடங்கின. பெரிய படஉணரியுடன் சோனி ஏ7 2013ல் வந்தது. நிக்கான் இசட் வரிசையும் கேனன் ஆர் வரிசையும் 2018ல் அறிமுகம் கண்டன. 2020ல் உலக அளவில் விற்பனைக்கு அனுப்பப்பட்ட மிரர்லெஸ் கேமராக்களின் எண்ணிக்கை டிஎஸ்எல்ஆரை முந்திவிட்டது. பெரிய நிறுவனங்கள் இப்போது புதிய லென்சுகளைப் பெரும்பாலும் மிரர்லெஸ் கேமராக்களுக்கே வடிவமைக்கின்றன.

ஆகவே, வருங்காலம் மிரர்லெஸ் பக்கம்தான். ஆனால், சித்தப்பா கேட்டது வருங்காலத்தைப் பற்றி அன்று. அடுத்த மாதத் திருமணத்தைப் பற்றி.

படத்தின் தரத்தில் வேறுபாடு உண்டா?

டி750ல் 24.3 மில்லியன் படப்புள்ளிகள். இசட்6 IIIல் 24.5 மில்லியன். பத்து ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

திருமணத் தொகுப்பில் பெரிய பக்கம் என்றால் 12க்கு 18 அங்குலம் இருக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் அச்சிட்டாலும், டி750 எடுத்த படம் ஏறத்தாழ 13க்கு 20 அங்குலம்வரை தாங்கும். ஒரே விளக்கொளியில், ஒரே அளவில் எடுத்த இரு படங்களையும் சித்தியிடமும் தங்கையிடமும் காட்டினேன். எது எந்தக் கேமரா என்று இருவராலும் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால், அடையாளம் இல்லாவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

எனவே, 'புதிய கேமரா வாங்கினால் படம் அழகாக வரும்' என்ற நம்பிக்கையில் மட்டும் யாரும் பணத்தைச் செலவிட வேண்டாம். இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, பொத்தானை அழுத்துவதற்கு முந்திய நொடியில் இருக்கிறது.

தேக்காவில் ஒரு மாலை

இரண்டு கேமராக்களையும் தூக்கிக்கொண்டு நானும் சித்தப்பாவும் லிட்டில் இந்தியாவுக்குச் சென்றோம். கெர்பாவ் சாலையில் உள்ள டான் டெங் நியா இல்லத்தின் வண்ணச் சன்னல்கள், கேம்பல் லேன் பூக்கடைகள், சிராங்கூன் சாலை விளக்குகள் என்று மாறி மாறி எடுத்தோம்.

வெள்ளை வேட்டி சட்டையில் சித்தப்பாவைப் பூக்கடை விளக்கின் முன் நிற்க வைத்தேன். எந்தக் கேமராவின் ஒளிமானியும் படம் முழுவதும் நடுத்தர வெளிச்சத்தில் இருப்பதாகக் கருதிக்கொண்டு கணக்கிடும். வெள்ளைத் துணி கூடுதலாக இருந்தால் 'வெளிச்சம் அதிகம்' என்று எண்ணி அது படத்தை இருட்டாக்கிவிடும். வேட்டி சாம்பல் நிறமாகும். மாநிறமான முகம் கறுத்துப்போகும். நம் திருமணப் படங்கள் பலவற்றில் மாப்பிள்ளையின் முகம் இருண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டி750ன் பார்வைக்கண்ணில் தெரிவது உண்மையான காட்சி. படம் எப்படி வரும் என்பதை எடுத்த பிறகு பின்திரையில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இசட்6 IIIன் மின்திரையிலோ வரப்போகும் படமே முன்கூட்டித் தெரிகிறது. முகம் இருண்டால் அந்த நொடியிலேயே கட்டைவிரலால் வெளிச்சத்தைக் கூட்டிவிடலாம். அனுபவம் உள்ளவர்கள் பழைய கேமராவிலும் இதை முன்கூட்டியே கணித்துவிடுவார்கள். புதியவர்களுக்கு மின்திரை ஓர் ஆசிரியர் மாதிரி.

இரண்டாவது வேறுபாடு, குவியம். டிஎஸ்எல்ஆரில் குவியத்தைக் கண்டறியும் உணரி தனியாக, கேமராவின் அடிப்பகுதியில் இருக்கிறது. டி750ல் 51 குவியப் புள்ளிகள். அவையும் சட்டத்தின் நடுவே குவிந்திருக்கும். ஓரத்தில் நிற்கும் மணமகளின் கண்ணைப் பிடிக்க முதலில் நடுப்புள்ளியில் குவித்து, பிறகு கேமராவைத் திருப்புவது சித்தப்பாவின் பழக்கம்.

மிரர்லெஸ்ஸில் படஉணரியே குவியத்தையும் பார்க்கிறது. சட்டத்தின் பெரும்பகுதியில் எங்கு முகம் இருந்தாலும் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. கூட்டத்தில் நடந்துவந்த சித்தப்பாவின் கண்ணை அது விடாமல் தொடர்ந்ததைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார்.

ஜிமிக்கியின் மர்மம்

அப்படியானால் தாலி கட்டும் படம் கெட்டதற்குப் பழைய கேமராதான் காரணமா? வீட்டுக்குத் திரும்பியதும் ஒரு சிறு சோதனை செய்தோம்.

மேசைமேல் ஐந்து சிறிய மின்கலங்களைச் சாய்கோட்டில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிறுத்தினோம். சித்தப்பா அந்தத் திருமணத்தில் பயன்படுத்திய 85 மில்லிமீட்டர் லென்சை எஃப்1.8ல் முழுமையாகத் திறந்து, நடுவில் உள்ள மின்கலத்தில் குவியம் வைத்துப் பத்துப் படங்கள் எடுத்தோம். எட்டுப் படங்களில் தெளிவாக இருந்தது நடு மின்கலம் அன்று, அதற்குப் பின்னால் இருந்தது.

அந்த லென்சில், அந்தத் திறப்பில், 2 மீட்டர் தொலைவில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர்தான். குவியம் சற்றுப் பின்னால் விழுந்தால் கண் மங்கிவிடும், அதற்குப் பின்னால் உள்ள காது தெளிவாகும். ஜிமிக்கி மின்னியது இப்படித்தான்.

குவிய உணரி ஓரிடத்திலும் படஉணரி வேறோரிடத்திலும் இருப்பதால் டிஎஸ்எல்ஆரில் இந்தச் சிறு பிசகு நேரக்கூடும். அதைத் திருத்தும் வசதியும் டி750ன் பட்டியலிலேயே உண்டு. ஒவ்வொரு லென்சுக்கும் குவியத்தை முன்னோ பின்னோ 20 படிகள்வரை நகர்த்தலாம். சில படிகள் முன்னே நகர்த்தி மறுபடி சோதித்தோம். நடு மின்கலம் பளிச்சென்று தெரிந்தது.

ஒரு காசு செலவில்லை. "இத்தனை வருஷமா இது இருந்துச்சா?" என்று சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

மிரர்லெஸ்ஸில் குவியத்தைப் படஉணரியே பார்ப்பதால் இந்தப் பிசகுக்குப் பெரும்பாலும் இடமில்லை. அது உண்மையான நன்மைதான். ஆனால், கையில் உள்ளதைச் சரிசெய்து பார்க்காமல் புதியதற்கு ஓடுவது வீண்செலவு.

ஓசையும் கோடுகளும்

மிரர்லெஸ்ஸில் ஓசையே இல்லாமல் படம் எடுக்கலாம் என்பார்கள். கெட்டிமேளம் முழங்கும்போது யாருக்கும் கேமராவின் ஓசை கேட்கப்போவதில்லை. ஆனால், திருமணப் பதிவின் உறுதிமொழி நேரம், அரங்கேற்றத்தில் மெதுவாக நகரும் ஒரு பதம், இறுதிச் சடங்கு, தொட்டிலில் தூங்கும் குழந்தை என்று அமைதி தேவைப்படும் இடங்கள் பல. அங்கே டி750ன் 'டப்' ஓசை எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைக்கும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஓசையில்லா முறையில் படஉணரி காட்சியை மேலிருந்து கீழாக, வரி வரியாகப் படிக்கிறது. சிங்கப்பூரில் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதனால் பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்கு அது தெரியாது. கேமரா வரி வரியாகப் படிக்கும்போது படத்தில் கறுப்புக் கோடுகள் விழுந்துவிடும்.

சிராங்கூன் சாலை ஒளியூட்டிலும் மண்டப மேடைகளிலும் எல்இடி விளக்குகள்தான். அங்கெல்லாம் ஓசையில்லா முறையை நிறுத்திவிட்டுச் சாதாரணத் திரையைப் பயன்படுத்துவது பாதுகாப்பு. வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் கோடுகள் பெரிதும் குறையும். மேலும், பெரும்பாலான கேமராக்களில் ஓசையில்லா முறையில் ஃபிளாஷ் வேலை செய்யாது. முதல் நாளே இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் மண்டபத்தில் திண்டாட வேண்டியிருக்கும்.

பேட்டரி, எடை, பழைய லென்ஸ்

தைப்பூசத்துக்கு முந்திய இரவு, சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயத்தை நோக்கிப் புறப்படும் பக்தர்களைப் படம் எடுப்போருக்குப் பேட்டரி பெரிய விஷயம். நிறுவனம் தரும் அளவீட்டின்படி டி750 ஒரு பேட்டரியில் 1,230 படங்கள் எடுக்கும். மின்திரை வழியே பார்த்து எடுத்தால் இசட்6 III எடுப்பது 360. தொடர்ச்சியாக எடுக்கும்போது இரண்டிலும் இந்த எண்ணிக்கை கூடும். ஆனால், இடைவெளி இடைவெளிதான்.

கண்ணாடி உள்ள கேமராவில் பார்ப்பதற்கு மின்சாரம் தேவையில்லை. மின்திரைக்கு ஒவ்வொரு நொடியும் தேவை. ஆகவே, மிரர்லெஸ் வாங்குவோர் கூடுதலாக இரண்டு பேட்டரிகளுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். யுஎஸ்பி வழியாகக் கையடக்க மின்னூட்டியிலேயே மின்னேற்ற முடியும் என்பது ஓர் ஆறுதல். டி750ல் அது முடியாது.

எடையைப் பொறுத்தவரை பலரும் எதிர்பார்ப்பது நடக்கவில்லை. பேட்டரி, அட்டையுடன் டி750ன் எடை 840 கிராம், இசட்6 IIIன் எடை 760 கிராம். வேறுபாடு வெறும் 80 கிராம். லென்சில்தான் கொஞ்சம் மிச்சம். திருமணங்களில் அதிகம் பயன்படும் 24-70 எஃப்2.8 லென்ஸ் பழைய வரிசையில் 1,070 கிராம். இசட் வரிசையில் முதலில் வந்த அதே வகை லென்ஸ் 805 கிராம்.

நிக்கானின் பழைய எஃப் இணைப்பு 1959ல் வந்தது. அந்த லென்சுகளைப் புதிய கேமராவில் பொருத்த எஃப்டிஇசட் என்ற இடைவளையம் உண்டு. மோட்டார் உள்ள லென்சுகள் அதில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால், சித்தப்பாவிடம் இருக்கும் 50 மில்லிமீட்டர் 'டி' வகை லென்சில் மோட்டார் கிடையாது. டி750 தன் உடலில் உள்ள மோட்டாரால் அதை இயக்கும். இடைவளையத்தில் மோட்டார் இல்லை. புதிய கேமராவில் அந்த லென்சைக் கையால்தான் குவிக்க வேண்டும். வாங்குமுன் வீட்டிலுள்ள ஒவ்வொரு லென்சையும் இப்படிச் சரிபார்த்துவிடுவது நல்லது.

ஈரமும் விபூதியும்

சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் லென்சுக்குள் பூஞ்சை பிடிப்பது பழையதா புதியதா என்று பார்த்து வருவதில்லை. 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கும் உலர்பெட்டி இரண்டுக்கும் தேவை. அதற்கு வசதி இல்லாதோர் காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளுடன் வைக்கலாம். சித்தப்பாவின் டி750 பத்தாண்டுக்கு மேல் தாங்கியதற்கு அந்த உலர்பெட்டி முக்கியக் காரணம்.

ஹோமப் புகை, கற்பூரம், விபூதி, அட்சதை இவற்றுக்கு நடுவே லென்ஸ் மாற்றுவது நம் படக்காரர்களுக்கு வழக்கம். டிஎஸ்எல்ஆரில் படஉணரிக்கு முன்னால் கண்ணாடியும் திரையும் மறைவாக நிற்கும். பல மிரர்லெஸ் கேமராக்களில் லென்சைக் கழற்றியதும் படஉணரி திறந்தே இருக்கும். சில கேமராக்கள் நிறுத்தியவுடன் திரையை மூடிக்கொள்ளும். எதுவானாலும் கேமராவை நிறுத்தி, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, மணமேடையை விட்டு விலகி நின்று மாற்றுவது நல்ல பழக்கம்.

வாங்குவதானால்

பழைய டிஎஸ்எல்ஆர் இப்போது கைமாற்றில் மலிவாகக் கிடைக்கிறது. சிட்டி ஹால் ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள பெனின்சுலா கடைத்தொகுதியிலும் கரோசெல் தளத்திலும் தேடலாம். எத்தனை படங்கள் எடுத்த கேமரா என்று கேளுங்கள். டி750ன் திரை 150,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. லென்சைக் கைப்பேசி விளக்கின் எதிரே பிடித்துப் பார்த்தால் பூஞ்சையின் நூலிழைகள் தெரியும். புதிதாக வாங்குவோர், அது உள்ளூர் உத்தரவாதம் உள்ளதா அல்லது 'எக்ஸ்போர்ட் செட்' எனப்படுவதா என்பதைப் பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள்.

படம் எடுக்கக் கற்கும் மாணவருக்கும் குடும்ப நிகழ்ச்சிகளுக்கு மட்டும் எடுப்பவருக்கும் நல்ல லென்சோடு ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் இன்னும் பல ஆண்டுகளுக்குப் போதும். மாதம் பல நிகழ்ச்சிகள் எடுத்து வருமானம் ஈட்டுபவருக்கும், காணொளி எடுப்பவருக்கும், அமைதியான இடங்களில் வேலை செய்பவருக்கும் மிரர்லெஸ் தன் விலையைத் திருப்பித் தரும்.

சித்தப்பாவின் முடிவு

இவ்வளவையும் தாளில் எழுதிக் காட்டினேன். ஜிமிக்கிச் சிக்கல் தீர்ந்துவிட்டதால் பழைய கேமராவே போதும் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் வேறொன்றைச் சொன்னார்.

அவருக்கு வயது 56. தூரத்துப் பார்வை நன்றாக இருக்கிறது. அருகில் உள்ளதைப் பார்க்கத்தான் கண்ணாடி வேண்டும். மண்டபத்தில் ஒவ்வொரு படத்தையும் எடுத்த பிறகு, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிப் பின்திரையைப் பார்த்துவிட்டு, மறுபடி கழற்றி வைக்க வேண்டும். அதற்குள் அடுத்த சடங்கு தொடங்கிவிடும். அதனால் பாதிப் படங்களைச் சரிபார்ப்பதையே விட்டுவிட்டாராம். அன்று தாலி கட்டிய பிறகும் பின்திரையில் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் குவியப் பிசகு அங்கேயே தெரிந்து, அடுத்த சடங்குகளையாவது காப்பாற்றியிருக்கலாம்.

இசட்6 IIIல் பார்வைக்கண்ணின் சிறு திருகைத் தன் பார்வைக்கேற்பத் திருப்பி வைத்துவிட்டால், எடுத்த படத்தையும் அமைப்புகளையும் அதற்குள்ளேயே பார்க்கலாம். கண்ணை எடுக்க வேண்டியதில்லை. அந்த ஒரு வாரத்தில் அவருக்கு மிகவும் பிடித்தது அதுதான். எந்த விளம்பரத் தாளிலும் இந்த வசதியைப் பெரிய எழுத்தில் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. "கண்ணாடி இல்லாத கேமரா வந்தா உங்கப்பாவுக்கும் கண்ணாடி வேணாம் போல" என்று சித்தி மகளிடம் சொல்லிச் சிரித்தார்.

ஆனாலும், அவர் உடனே வாங்கவில்லை. அடுத்து வரும் இரண்டு திருமணங்களுக்கு மட்டும் மிரர்லெஸ் கேமரா ஒன்றை நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளப் போகிறார். குவியம் திருத்தப்பட்ட டி750 மற்றொரு தோளில் தொங்கும். இரண்டு நிகழ்ச்சிகளிலும் கை பழகிவிட்டால், வரும் வருமானத்திலிருந்து சேர்த்து அடுத்த ஆண்டு வாங்கலாம் என்பது கணக்கு.

அப்போது டி750 யாருக்கு என்பதும் முடிவாகிவிட்டது. தங்கை இப்போதே அதன் கழுத்துப்பட்டையைத் தன் உயரத்துக்கு ஏற்பக் குறைத்து வைத்திருக்கிறாள்.